நெருப்பைத் தேடிய துடைப்பம்

அத்தியாயம் 9

"கண்ணுக்கே தெரியாத நெருப்பை நீங்க எப்படிப்பா பார்ப்பீங்க?"

ஆறு வருடங்களுக்கு முன்னால் ஒரு சிறுமி தன் அப்பாவிடம் கேட்ட கேள்வி இது. இரும்பு ஆலையில் புது உலை திறந்த நாள். தொழிலாளர் குடும்பங்களையெல்லாம் உள்ளே அழைத்துச் சுற்றிக் காட்டினார்கள். கரி தின்னாத உலை, புகை விடாத இரும்பு என்று ஒலிபெருக்கியில் ஒருவர் முழங்கிக்கொண்டிருந்தார். கரிக்குப் பதிலாக ஹைட்ரஜன். அது சுத்தமான வாயுதான், ஆனால் ஒரு குணம் உண்டு. பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் சுடர் தெரியாது. புகையும் வராது, வாசனையும் வராது. எரிவது தெரியாமல் அதன் நடுவிலேயே ஒரு ஆள் நடந்து போய்விடக்கூடும்.

அப்பா அங்கே குழாய்க்காரர். கசிவு பார்ப்பதும் வால்வு முடுக்குவதும் அவர் வேலை. சிரித்துக்கொண்டே சுவரில் சாத்தியிருந்த நீளக் காம்புத் துடைப்பத்தை எடுத்துக் காட்டினார்.

"இதை முன்னால நீட்டிக்கிட்டே நடப்பேன் தங்கம். நெருப்பு இருந்தா முதல்ல இது பத்திக்கும். நான் நின்னுடுவேன்."

"அப்ப துடைப்பத்துக்கு வலிக்காதா?"

"வலிக்கும். அதனாலதான் யாரையும் கட்ட விடாம நானே பார்த்துப் பார்த்துக் கட்டறேன்."

அந்த அப்பா செத்து இரண்டு வாரம் ஆகிறது.

இதைச் சொல்லி முடித்த குழாய்க்காரரின் மனைவி, மேசைமேல் ஒரு துடைப்பத்தை வைத்தாள். "அவரோட லாக்கர்ல இருந்ததா சொல்லிக் கொடுத்தாங்க. டிபன் பாக்ஸ், ரெண்டு சட்டை, இது."

தராசு அதைத் தொடவில்லை. முதலில் ஒரு பக்கம் நின்று பார்த்தாள், பிறகு மறுபக்கம் போய்ப் பார்த்தாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினேழு வருடம் விபத்து விசாரணை செய்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிகிறவள். எதையும் இரண்டு தட்டிலும் வைத்துப் பார்க்காமல் வாய் திறக்கமாட்டாள். அதனால் வந்த பெயர். அவளுடைய உதவியாளர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். ஆம்புலன்ஸ் ஓட்டியவர். வாய் ஓயாது. அவர் பெயர் சைரன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றார் சைரன். "இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டினேன். பின்னாடி படுத்திருக்கறவங்க யாரும் பதில் பேசமாட்டாங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிப் பழகிட்டேன். அதான் கேட்கறேன், துடைப்பத்தைக்கூடவா லாக்கர்ல பூட்டி வைப்பாங்க?"

"அதாங்க கேள்வி. ஆலையிலருந்து வந்த லெட்டரைப் படிங்க" என்றாள் மனைவி.

தராசு கடிதத்தை வாசித்தாள். அனுமதிச் சீட்டு பெறாமலும், துடைப்பத்தை லாக்கரிலேயே விட்டுவிட்டும், விதிகளை மீறி வால்வுக் குழிக்குள் இறங்கியதால் நேர்ந்த மரணம். முழுக்க முழுக்கத் தொழிலாளியின் தவறு. நாளை காலை பத்து மணிக்கு இறுதி விசாரணை. அதன்பின் வெள்ளிக்கிழமைக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

"வீடு போனா போகட்டுங்க" என்றாள் மனைவி. "எங்கயாவது ஒரு ரூம் பார்த்துக்கலாம். ஸ்கூல்ல என் பொண்ணுகிட்ட, உங்கப்பா ரூலை மீறித்தானே செத்தார்னு கேட்டிருக்கா ஒருத்தி. அழக்கூட இல்லைங்க இவ. வீட்டுக்கு வந்து என்னைக் கேட்கறா, 'அப்படியாம்மா?'ன்னு. சீட்டு இல்லாம இந்த மனுஷன் சமையல்கட்டுக்குள்ளகூட வந்ததில்லைங்க. 'உள்ள வரலாமா?'ன்னு கேட்டுட்டுத்தான் வருவார்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. சைரன் தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் மெதுவாக நகர்த்தினார்.

தராசு துடைப்பத்தைக் கையில் எடுத்தாள். "இது எதால கட்டியிருக்கு?"

"பிளாஸ்டிக் கயிறு."

"உங்க வீட்டுக்காரர் எதால கட்டுவார்?"

மனைவியின் முகம் மாறியது. "நூல் கயிறு. கம்பி உரசினா பொறி வருமாம், பிளாஸ்டிக் உரசினாலும் பொறி வருமாம். பழைய நூல் கயிறுதான், தண்ணில நனைச்சுக் கட்டுவார். முடிச்சு இடது பக்கமா விழும். அவருக்கு இடது கைதான் வாகு." துடைப்பத்தைத் திருப்பிப் பார்த்தாள். "இது வலது கைக்காரங்க போட்ட முடிச்சு. இல்லைங்க, இது யாரும் போட்டதே இல்லை. மெஷின் கட்டு. கடைத் துடைப்பம்!"

"அப்ப லாக்கர்ல துடைப்பம் இருந்ததுங்கறது பொய்" என்றாள் தராசு. "நிஜமான துடைப்பத்தைத் தேடியிருக்காங்க. கிடைக்கலை. அதனால கடைக்குப் போயிருக்காங்க."

"கடைக்குப் போனவன் விலைச் சீட்டையாவது ஒழுங்கா பிய்ச்சிருக்கலாம்" என்று காம்பின் அடியைக் காட்டினார் சைரன். அங்கே ஒட்டுக் காகிதத்தின் ஒரு மூலை மிச்சமிருந்தது.

"பழைய துடைப்பங்களை உங்க வீட்டுக்காரர் என்ன பண்ணுவார்?"

"முனை கருகினதை வெட்டிச் சரிபண்ணி, ஆலையில பெருக்கற அம்மாவுக்குக் கொடுத்துடுவார். வீட்டுக்கு ஒண்ணுகூட வந்ததில்லை. கேட்டா, 'அந்தம்மாவுக்கு இடுப்பு வலி, உனக்கென்ன?'ன்னு சண்டைக்கு வருவார்."

தராசு எழுந்தாள். குடும்பத்தின் சார்பில் விபத்து நடந்த இடத்தைப் பார்க்க ஆலை அனுமதித்திருந்தது ஒரே ஒரு மணி நேரம். இரண்டிலிருந்து மூன்று வரை.

*

ஆலையின் நலன் அதிகாரி வாசலிலேயே காத்திருந்தார். குளித்துப் பவுடர் போட்ட முகம், இறங்கிய குரல். துக்கம் விசாரிப்பதற்கென்றே தைத்தது போன்ற சட்டை.

"நல்ல மனுஷங்க அவர். என்ன பண்றது, ஒரு நிமிஷ அலட்சியம்" என்றபடி அவர்களை உலைக்குப் பின்னால் அழைத்துப் போனார். உயரமான உலை. மேலே வெள்ளையாக ஆவி. புகை இல்லை.

"இந்த உலையோட தத்துவம் என்னன்னா" என்று ஆரம்பித்தார். "இரும்புக் கல்லுல இரும்பும் ஆக்சிஜனும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருக்கும். பழைய உலையில கரி அந்த ஆக்சிஜனைப் பிரிச்சு எடுத்துக்கிட்டுப் புகையாப் போகும். இங்க ஹைட்ரஜன் பிரிச்சு எடுத்துக்கிட்டுத் தண்ணியாப் போகுது. உலகத்தையே காப்பாத்தற வேலைங்க."

"ஆக, ரெண்டுமே குடும்பத்தைப் பிரிக்கற வேலைதான்" என்றார் சைரன். "ஒண்ணு ஊரை நாறடிச்சுட்டுப் பிரிக்குது, இன்னொண்ணு அழுதுட்டே பிரிக்குது."

அதிகாரி சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, வேண்டாம் என்று முடிவு செய்தார்.

வால்வுக் குழி ஒரு ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் அதிக ஆழம். மேலே திறந்திருந்தது. இரும்பு ஏணி, கீழே இரண்டு வால்வு. தராசு விளிம்பில் நின்று ஒரு நொடி கண்ணை மூடினாள். செத்தவர் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு பிரார்த்தனை சொல்லாமல் அவள் வேலையைத் தொடங்கியதில்லை. சைரனும் பேச்சை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"எதனால செத்தார்?" என்று கேட்டாள்.

"ஹைட்ரஜன் கசிவுங்க. குழிக்குள்ள நிரம்பியிருந்திருக்கு. மூச்சு முட்டிட்டுது."

"உடம்புல தீக்காயம்?"

"ஒண்ணும் இல்லை. அந்த வகையில கடவுள் காப்பாத்தினார்."

தராசு அவரை நிமிர்ந்து பார்த்தாள். கடவுளை இப்படிச் சாட்சிக்கு இழுப்பவர்களை அவளுக்குப் பிடிக்காது. சைரன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, ஹைட்ரஜனை பலூன்ல அடைச்சா என்ன ஆகும்?"

"நூலை விட்டா மேல போயிடும் மேடம். நான் சின்ன வயசுல விட்டிருக்கேன், எங்கப்பாகிட்ட அடியும் வாங்கியிருக்கேன்."

"இருக்கற வாயுவிலேயே லேசானது. கூரை இல்லாத குழிக்குள்ள அது உட்கார்ந்திருக்குமா?"

அதிகாரியின் பவுடர் முகத்தில் வேர்வை ஒரு கோடு போட்டது. "அதெல்லாம் எனக்கு டெக்னிக்கலா… நான் நலன் பகுதிங்க."

"நலன் பார்க்கறவர் இப்படி வேர்க்கலாமா?" சைரன் அவர் தோளில் கை போட்டார். "உங்களுக்குப் பிரஷர் இருக்கா? கண்ணைக் காட்டுங்க. இதே மாதிரி ஒருத்தர். பேசிக்கிட்டே இருந்தார். வண்டியில ஏத்தறப்பகூட 'எனக்கு ஒண்ணும் இல்லை'ன்னுதான் சொன்னார். அதான் அவர் பேசின கடைசி வார்த்தை…"

அதிகாரி பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து தன் நாடியைத் தானே பிடித்துப் பார்க்கத் தொடங்கினார். தராசு கட்டடத்தின் மூலையைத் திரும்பி நடந்துவிட்டாள். ஐந்து நிமிடத்தில் சைரனும் வந்து சேர்ந்தார்.

"எப்படித் தப்பிச்சீங்க?"

"தண்ணி வாங்கிட்டு வரேன்னு சொன்னேன் மேடம். நான் வர்ற வரைக்கும் அசையக்கூடாதுன்னும் சொல்லியிருக்கேன். பாவம், கண்ணைக்கூடச் சிமிட்டலை."

உருக்குக் கூடத்தை ஒட்டி ஒரு சரக்குக் கொட்டகை. உள்ளே தளம் முதல் கூரை வரை மூட்டைகள். ஒரு மூட்டையின் ஓட்டையில் விரலை விட்டு எடுத்தார் சைரன். விரல் கறுத்திருந்தது. அவர் கண்கள் அகன்றன.

"கரித்தூள்! மேடம், பிடிச்சுட்டேன்! கரி தின்னாத உலைன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, பின்னாடி மூட்டை மூட்டையா கரி! இதோ ஆதாரம், மலை மாதிரி!"

"கரி வேணும் அண்ணே. தப்பில்லை."

"என்ன தப்பில்லை?"

"ஹைட்ரஜன்ல வர்ற இரும்புல துளிக்கூடக் கரி இருக்காது. அதை உருக்கி எஃகு ஆக்கறப்ப ஒரு சிட்டிகை கரித்தூள் போட்டாகணும். சமையலுக்கு உப்பு மாதிரி. ஹைட்ரஜன் ஒழுங்கா ஓடினா இந்த மூட்டை தினமும் குறையணும்."

சைரன் மூட்டைகளைப் பார்த்தார். மேலே ஒரு விரல் கனத்துக்குத் தூசி. இரண்டு மூட்டைகளுக்கு நடுவே ஒரு குருவி கூடு கட்டி, குஞ்சு பொரித்து, குஞ்சுகளும் பறந்துபோய்விட்டிருந்தன.

"குறையலையே" என்றார் மெதுவாக.

"குறையாதுங்க." குரல் வாசலிலிருந்து வந்தது. தலையில் துணி கட்டிய ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பெருக்கும் அம்மா. "ஒன்றரை மாசமா ஒரு மூட்டைகூட வெளிய போகலை. முன்னெல்லாம் கொட்டினதைப் பெருக்கிப் பெருக்கி என் கை கறுத்துக் கிடக்கும். இப்ப சும்மா வந்து நின்னுட்டுப் போறேன். நீங்க யாரு?"

அவள் கையில் ஒரு துடைப்பம் இருந்தது. நீளக் காம்பு. நூல் கயிறு. முடிச்சு இடது பக்கம்.

தராசு அதைக் கேட்கவில்லை. கவிழ்ந்து கிடந்த ஒரு வாளியை நிமிர்த்திப் போட்டு, "உட்காருங்கக்கா, இடுப்பு வலின்னு சொன்னாங்களே" என்றாள்.

பெருக்கும் அம்மா திகைத்தாள். "யார் சொன்னது?"

"குழாய்க்காரர் வீட்டுல."

உட்கார்ந்தாள். துடைப்பத்தை மடியில் போட்டுக்கொண்டாள்.

"பத்து வருஷமா குனிஞ்சே பெருக்கிட்டிருந்தேங்க. ஒருத்தர் கேட்டதில்லை. அவர்தான் ஒரு நாள் பார்த்துட்டு, 'ஏம்மா, காம்பு நீளமா இருந்தா நிமிர்ந்து நின்னு பெருக்கலாமே'ன்னார். அதுலருந்து அவர் துடைப்பம் தேஞ்சா எனக்குத்தான். அன்னைக்குச் சாயங்காலம் குழிப் பக்கம் போனேன். உடம்பை எடுத்துட்டு எல்லாரும் போயிட்டாங்க. இது கம்பியில சாஞ்சு நின்னது. கருகவே இல்லை, புதுசு. எனக்காக விட்டுட்டுப் போயிட்டாரோன்னு தோணிச்சு. எடுத்துக்கிட்டேன். திருட்டாங்க அது?"

"இல்லக்கா."

"மறுநாள் ஆபீஸ்காரங்க துடைப்பத்தைப் பார்த்தியா, பார்த்தியான்னு கேட்டாங்க. எங்கிட்ட எதையும் ஒழுங்கா கேட்காதவங்க. பயந்துட்டு இல்லைன்னுட்டேன்."

"அக்கா, சீட்டு வாங்கினா அவர் எங்க வைப்பார், தெரியுமா?"

பெருக்கும் அம்மா துடைப்பத்தின் கயிற்றுக் கட்டைப் பார்த்தாள். "சட்டையில வச்சா வேர்வைல ஊறிடுதுன்னு, இங்கதான் எதையோ செருகுவார். உள்ள காகிதம் இருக்கு. கட்டு இறுக்கமா இருக்கட்டும்னு வச்சிருக்கார்னு நான் பிரிக்கலை."

தராசு கயிற்றை அவிழ்த்தாள். நான்காக மடித்த சீட்டு. தேதி சரி. குழி எண் சரி. கீழே நீல மையில் ஷிப்ட் பொறுப்பாளரின் கையெழுத்து.

"சீட்டு இல்லாமலா போனார்?" சைரனின் குரல் உடைந்தது. "மேடம், முடிஞ்சுது! அந்தக் குழந்தைகிட்ட இதை மட்டும் காட்டினாப் போதும்."

தராசு சீட்டை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தாள். முகத்தில் வெற்றி எதுவும் தெரியவில்லை. குழாயில் உள்ள வாயு என்ற இடத்தில் 'ஹைட்ரஜன்' என்று எழுதியிருந்தது.

"அண்ணே, ஹைட்ரஜன் ஓடலைன்னு இந்த மூட்டை சொல்லுது. ஓடுதுன்னு சீட்டு சொல்லுது. இந்த மாதிரி உலை இயற்கை எரிவாயுலயும் ஓடும், அதுலதான் ஓட்டியிருக்காங்க. அதுல வர்ற இரும்புலயே கரி இருக்கும், மூட்டை தேவைப்படாது. அப்ப ஹைட்ரஜன் குழாய் சும்மா கிடந்திருக்கு. சும்மா கிடக்கற குழாய்ல காத்து புகுந்தா, அடுத்த தடவை ஹைட்ரஜன் விடறப்ப வெடிக்கும். அதனால நைட்ரஜனை நிரப்பி மூடி வைப்பாங்க."

"நைட்ரஜன் என்ன பண்ணும்?"

"ஒண்ணுமே பண்ணாது. எரியாது, நாறாது. கிட்டத்தட்ட காத்தோட எடைதான், ஹைட்ரஜன் மாதிரி மேல பறந்தும் போகாது. ஆனா அது நிறைஞ்ச குழியில மூச்சுக்குக் காத்து இருக்காது. ரெண்டு மூச்சு இழுத்தா ஆள் விழுந்துடுவான். அதுக்குத் துடைப்பம் உதவாது. ஆக்சிஜன் மீட்டர் வேணும்."

பெருக்கும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நெருப்பு இருக்கும்னு எழுதிக் கொடுத்தாங்க" என்றாள் தராசு. "அவர் துடைப்பத்தை உள்ள விட்டு நெருப்பைத் தேடினார். பத்தலைன்னதும் அதை மேல சாத்திட்டு இறங்கினார்."

கிளம்பும்போது தராசு சொன்னாள்: "இதை நீங்க கொடுத்தீங்கன்னு வெளிய வராமப் பார்த்துக்கறேன்க்கா. உங்க வேலைக்கு…"

"சொல்லுங்க" என்றாள் பெருக்கும் அம்மா. நிமிர்ந்து நின்றிருந்தாள். "என் பேரையே சொல்லுங்க. இந்தத் துடைப்பத்தையும் எடுத்துட்டுப் போங்க. நான் நாளைக்குக் குனிஞ்சு பெருக்கிக்கறேன்."

*

ஷிப்ட் பொறுப்பாளரை ஆலையில் எல்லோரும் பேனா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் எப்போதும் நான்கு பேனா. குழாய்க்காரரும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே சைக்கிளில் வந்து போனவர்கள். 'என்னிடம் சீட்டு கேட்கவே இல்லை' என்று விசாரணையில் எழுதிக் கொடுத்திருந்ததும் அவர்தான்.

நான்கு மணிக்கு ஷிப்ட் முடிந்து, ஆலை வாசலை ஒட்டிய சைக்கிள் கொட்டகைக்கு வந்தார். சாவி கைதவறி விழுந்தது. தராசு குனிந்து எடுத்துக் கொடுத்தாள். அதோடு சீட்டையும் விரித்துக் காட்டினாள்.

பேனா அதைப் பார்த்தார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்.

"கையெழுத்து உங்களோடதா, இல்லை பேனாவே தானா எழுந்து போட்டுதா?" என்றார் சைரன். குரலில் வேடிக்கை இல்லை. "கூடப் பிறந்தவன் மாதிரி இருந்தவனாமே. செத்தவன் வந்து பதில் சொல்லமாட்டான்னு தைரியமா? எனக்குத் தெரியும்யா, அவங்க சொல்லமாட்டாங்க. இருபத்திரண்டு வருஷம் பார்த்திருக்கேன்."

"அண்ணே, போதும்" என்றாள் தராசு. பிறகு பேனாவிடம் சொன்னாள்: "கையெழுத்து நீல மை. 'ஹைட்ரஜன்' நீல மை. ஆனா நேரம் மட்டும் பென்சில். இரண்டே முக்கால். அந்தப் பென்சில் எழுத்து ஒரு பக்கமா தேய்ஞ்சிருக்கு. இடது கைக்காரங்க எழுதினா கை அதும்மேலயே போய் இப்படித் தேய்க்கும். நேரத்தை எழுத வேண்டியது நீங்க, எழுதினது அவர். நீங்க மறைக்கறது, சீட்டு கொடுத்ததை இல்லை. சீட்டுல நேரம் எழுதறப்ப நீங்க அங்க இல்லவே இல்லை."

சைரன் திரும்பித் தராசைப் பார்த்தார்.

பேனா அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் பொண்ணுக்கு அன்னைக்கு ஆபரேஷன்" என்றார். "லீவு கேட்டேன், கொடுக்கலை. அவன்தான் சொன்னான், 'நீ போ, பதிவேட்டுல இருக்கற மாதிரியே இருக்கட்டும், நான் பார்த்துக்கறேன்'னு. ஒரு மணிக்குக் கிளம்பினேன். ஒரு சீட்டுல கையெழுத்துப் போட்டு வச்சுட்டுப் போனேன். அவசரம்னா இருக்கட்டும்னு."

"ஹைட்ரஜன்னு எழுதி."

"அப்படித்தான் எழுதணும். தண்ணியைப் பிரிச்சு ஹைட்ரஜன் எடுக்கறதுக்குக் கரண்ட் அதிகம்னு ஒன்றரை மாசமா அதை நிறுத்தி வச்சிருக்காங்க. ஆனா வாங்கறவங்களுக்கு 'சுத்த இரும்பு'ன்னு முத்திரை போட்டுத்தான் போகுது. முத்திரை கொடுக்கறவங்க வந்தா ஒவ்வொரு காகிதத்தையும் ஒத்துப் பார்ப்பாங்க. சீட்டுல நைட்ரஜன்னு ஒரு எழுத்து இருந்தாலும் மாட்டிக்கும். அதனால எழுத்துல ஹைட்ரஜன், வாயில உண்மை. சீட்டைக் கையில கொடுக்கறப்ப சொல்லிடுவேன். 'இன்னைக்கு நைட்ரஜன், மீட்டரை எடு.' அவன் உருக்குக் கூடத்துல போய் மீட்டரை வாங்கிட்டு இறங்குவான். தினமும் இதுதான். ஒரு நாள்கூடத் தவறினதில்லை. நடுவுல சோதனைக்குன்னு ரெண்டு மூணு நாள், தொட்டியில மிச்சமிருக்கற ஹைட்ரஜனை நிஜமாவே குழாய்ல மட்டும் விடுவாங்க. அன்னைக்கு ஒண்ணும் சொல்லமாட்டேன். சொல்லலைன்னா ஹைட்ரஜன்னு அவனுக்குத் தெரியும்."

நிறுத்தினார்.

"அன்னைக்கு நான் சொல்லலை. ஆபரேஷன் நினைப்புலயே ஓடிட்டேன். நாலு வார்த்தைங்க. நான் சொல்லலைன்னதும், நிஜமாவே ஹைட்ரஜன்னு நம்பி, துடைப்பத்தை எடுத்துட்டுப் போயிருக்கான். என் எழுத்தை நம்பி."

சைக்கிள் கொட்டகையில் ஆட்கள் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் நிற்கவில்லை.

"பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டாள் தராசு.

பேனா நிமிர்ந்து பார்த்தார். இந்த இரண்டு வாரத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவள். "நல்லா இருக்கா. 'அந்த மாமா ஏன் பார்க்க வரலை'ன்னு கேட்கறா" என்றவர், முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

சைரன் வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

"நாளைக்கு நான் வாயைத் திறந்தா என்னை மட்டும்தான் மாட்டிவிடுவாங்க" என்றார் பேனா கடைசியில். "எழுதச் சொன்னவங்க யாரும் எழுதிக் கொடுத்துச் சொல்லலை."

"ஆமாம். அப்படித்தான் நடக்கும். இல்லைன்னு உங்ககிட்ட பொய் சொல்லமாட்டேன்." தராசு சீட்டை மடித்துத் தன் பையில் வைத்தாள். "அவர் சீட்டோட போனார்னு இது சொல்லும். அது போதும், அவர் வீட்டுல தலை நிமிரலாம். ஆனா அவர் எதால செத்தார்னு இது சொல்லாது. நாளைக்கே இன்னொருத்தர் இதே மாதிரி ஒரு சீட்டோட இறங்குவார். எழுத்து எங்கிட்ட இருக்கு. வாய் உங்ககிட்ட இருக்கு. பத்து மணி வரைக்கும் நேரம் இருக்கு."

அவள் நடந்தாள். சைரன் பின்னால் ஓடி வந்தார்.

"மேடம், விட்டுட்டீங்களே! நாலு போடு போட்டு எழுதி வாங்கியிருக்கலாம். விடிஞ்சா ஆள் காணாமப் போயிடுவான்."

"போகலாம்."

"போனா?"

"பாதி உண்மையோட நிப்போம்."

"ஹைட்ரஜன் நல்லதாம், புகை இல்லையாம், உலகம் பிழைக்குமாம்" என்று முணுமுணுத்தார் சைரன். "ஒரு மனுஷனைப் பிழைக்க வைக்கத் துப்பில்லை."

"ஹைட்ரஜன் மேல ஒரு தப்பும் இல்லைண்ணே. அது நிஜமாவே ஓடியிருந்தா, அந்தத் துடைப்பம் அவரைக் காப்பாத்தியிருக்கும்."



*

மறுநாள் விடிந்ததும் முதல் ஷிப்ட் சங்கு ஊதுவதற்கு முன்னால், ஒரே ஒரு சைக்கிள் ஆலைக்குள் நுழைந்தது.

கட்டுப்பாட்டு அறையில் பலகை வழக்கம்போலப் பச்சை விளக்கோடு 'ஹைட்ரஜன் ஓட்டம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. பேனா பதிவேட்டைத் திறந்தார். ஒன்றரை மாதத்துக்கு முந்தைய பக்கத்திலிருந்து தொடங்கி, ஓடாத நாட்களில் ஒவ்வொன்றாக 'ஹைட்ரஜன்' என்பதை அடித்து, மேலே சிவப்பு மையில் 'நைட்ரஜன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். இரண்டு வாரத்துக்கு முந்தைய அந்த ஒரு நாளில், தன் பெயருக்கு நேராக இருந்த 'பணியில்' என்பதையும் அடித்தார். 'ஒரு மணிக்குப் போய்விட்டேன்' என்று எழுதினார்.

பிறகு உருக்குக் கூடத்துக்குப் போய் ஆக்சிஜன் மீட்டரை எடுத்துக்கொண்டு வால்வுக் குழிக்கு வந்தார். மீட்டரைக் கயிற்றில் கட்டி மெதுவாக உள்ளே இறக்கினார். பாதி ஆழத்திலேயே அது கத்தத் தொடங்கியது. வால்வை இன்னும் யாரும் சரிசெய்யவில்லை.

மேலே இழுத்து, ஏணியின் முதல் படியில், இறங்குகிறவன் கை முதலில் படும் இடத்தில், அதைக் கட்டினார். இரண்டு முடிச்சு போட்டார்.

சுற்றிலும் ஆள் இல்லை. குழிக்குள் குனிந்தார்.

"இன்னைக்கு நைட்ரஜன்" என்றார். "மீட்டரை எடு."

பிறகு பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விசாரணை அறையின் பூட்டிய கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். பத்து மணிக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.